யசிந்தாவின் வெள்ளி முகம்

யசிந்தாவைப் பற்றி எங்கள் குருநகரில் யாரைக் கேட்டாலும் நல்லதுதான் சொல்வார்கள். பிரான்சுக்குப் போயும் ஊரை மறக்காதவள், செபஸ்தியார் கோயிலுக்கு வெள்ளி முகம் செய்துகொடுத்தவள், தங்கமான பிள்ளை என்பார்கள். அவர்களிடம் அவ்வளவுதான் கிடைக்கும். கதை முழுவதும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எனக்கு அவளில் பொறாமை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் சொல்வதில் நீங்கள் கொஞ்சம் கழித்துக்கொண்டு கேட்கலாம்.

அவள் எனக்கு மச்சாள். அவளுடைய தாய் என் அப்பாவின் தங்கை, எனக்கு மாமி. இரண்டு வீட்டுக்கும் ஒரே வளவு, ஒரே கிணறு. எங்கள் இருவருக்கும் ஏழு வயதில், ஒரே கிழமையில், கொப்பளிப்பான் வந்தது. ஒரே பாயில் வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்தார்கள். சொறியக்கூடாது என்று கைகளைப் பழைய சீலைத் துண்டால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். ஒரு மத்தியானம் மூக்கடியில் கடி தாங்காமல் நான் அழுதேன். யசிந்தா தன் பல்லால் என் கைக்கட்டை அவிழ்த்துவிட்டாள். இரக்கத்தில்தான் செய்தாள். ஆனால் அந்த இரண்டு கொப்புளத்தையும் நான் கிள்ளிவிட்டேன். மூக்கின் இருபக்கமும் இரண்டு ஆழமான குழிகள் விழுந்தன. இன்றைக்கும் கண்ணாடி பார்த்தால் முதலில் தெரிவது அந்த இரண்டும்தான்.

செபஸ்தியாருக்குக் கடற்கரையோரம் ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. கொள்ளைநோய்க்கும் கொப்பளிப்பானுக்கும் எங்கள் ஆட்கள் அவரிடம்தான் போவார்கள். வாசலில் ஒரு பித்தளைத் தட்டம் இருக்கும். அதில் வெள்ளித் தகட்டில் செய்த கை, கால், கண், முகம் எல்லாம் கிடக்கும். யாருக்கு எதில் வருத்தமோ அதை எடுத்து, காணிக்கை போட்டு, தலையைச் சுற்றி, கோயிலை ஒருதரம் வலம் வந்து உள்ளே நிற்கும் செபஸ்தியார் சுருவத்தின் காலடியில் வைப்பார்கள். திருநாள் முடிய அது திரும்பவும் தட்டத்துக்கு வந்துவிடும். எங்களுக்கு நோய் மாறியதும் அம்மா ஒரு வெள்ளி முகத்தை எடுத்து எங்கள் இருவருடைய தலையையும் சேர்த்துச் சுற்றி வைத்தா. ஆளுக்கொரு முகம் எடுத்திருக்கலாம். அம்மாவுக்கு எதிலும் சிக்கனம்.

பள்ளிக்கூடத்தில் எங்களை 'அம்மி கொத்தின முகங்கள்' என்றார்கள். ஒருத்தியாக இருந்தால் அழுதிருப்பேன். இரண்டு பேர் என்றபடியால் அழவில்லை. கிணற்றடியில் இருந்துகொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் தொட்டு எண்ணுவோம். சின்னதுகளை விட்டுவிட்டால் எனக்குப் பதின்மூன்று, அவளுக்குப் பதினொன்று.

"என்னைவிட உனக்கு ரெண்டு குறைவு" என்பேன்.

"அந்த ரெண்டும் நான் அவிழ்த்துவிட்டதாலை வந்தது. அப்ப அது என்ரை கணக்கிலை" என்பாள்.

இருபது வயது தாண்டியும் இருவருக்கும் கலியாணம் ஒன்றும் பொருந்தி வரவில்லை. நான் கிழிந்த வலை தைத்துக் கொடுத்தேன். அவளும் பக்கத்தில் இருந்து தைத்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, முகத்தை நிமிர்ந்து பாராமலே போய்விடுவார்கள். போனபிறகு நாங்கள் இருவரும் அவர்களைப்போல நடந்து காட்டிச் சிரிப்போம். என் சீவியத்தில் அப்படி வேறு யாரோடும் சிரித்ததில்லை.

எண்பத்தைந்தில் லியோனின் பேச்சு வந்தது. எங்கள் ஊர்ப் பெடியன். எண்பத்துமூன்று கலவரத்தோடு பிரான்சுக்குப் போய் அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். அவனுடைய தமக்கை றோஸ் அக்கா பெண் தேடினா. எங்கள் இருவரிடமும் படம் கேட்டா. இருவரும் ஒரே சேலையை மாறி மாறி உடுத்து, பட்டணத்தில் ஒரு ஸ்ரூடியோவில் படம் எடுத்தோம். ஸ்ரூடியோக்காரர் பிலிமில் பென்சிலால் தடவி எங்கள் குழிகளையெல்லாம் மூடிவிட்டார். படத்தில் இருவரும் மாதா சுருவம் மாதிரி இருந்தோம். நான் சிரிக்கவில்லை. சிரித்தால் மூக்கடிக் குழிகள் இன்னும் ஆழமாகத் தெரியும் என்று பழகிவிட்டது. அவள் சிரித்தாள்.

றோஸ் அக்கா இரண்டு படத்தையும் மேசையில் வைத்துப் பார்த்தா.

"சிசிலியா அடக்கமான பிள்ளைதான். ஆனால் இவள் சிரிக்கிறாள். அவன் அங்கை தனியக் கிடக்கிறவன்" என்று யசிந்தாவின் படத்தை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தா.

ஒரு சிரிப்பு. அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்த வருடம் அவள் கொழும்புக்குப் பஸ் ஏறினாள். என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன். அவள் பிரிகிறாள் என்று அழுதாள். இனி அம்மி கொத்தின முகம் என்றால் குருநகரில் நான் ஒருத்திதான் என்று நான் அழுதேன்.

கடிதங்கள் வந்தன. விமான நிலையத்தில் லியோன் அவளை ஒருதரம் பார்த்துவிட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தானாம். அதை வாசித்தபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி இரண்டு வருடம்தான் இருந்தது.

எண்பத்தெட்டில் வந்த கடிதத்தை அம்மா என்னைக்கொண்டு இரண்டுதரம் வாசிப்பித்தா. யசிந்தா ஒரு தோல் வைத்தியரின் இடத்தில் கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போனாளாம். அங்கே பெரிய இடத்துப் பெண்கள் வருவார்களாம். சிலருக்கு மார்புக்குள் மெத்தென்ற பை வைத்துத் தைப்பார்களாம். நாடி சின்னது என்று ஒருத்திக்கு நாடி எலும்பின்மேல் ஒரு துண்டு வைத்தார்களாம்.

அம்மா அரிசி கிளைவதை நிறுத்திவிட்டா.

"இஞ்சை சனம் உடம்புக்குள்ளை கிடக்கிற துவக்குச் சன்னத்தை எடுக்கேலாமல் திரியுது. அங்கை காசு குடுத்து உள்ளுக்கு வைக்கினமோ?"

"ஓம் அம்மா. வடிவுக்கு."

"நல்ல வடிவு" என்று அம்மா திரும்பவும் அரிசியைக் கிளைந்தா.

கடிதத்தின் மிச்சத்தை நான் குரலைத் தாழ்த்தித்தான் வாசித்தேன். அந்த வைத்தியர் ஒருநாள் அவளைக் கதிரையில் இருத்தி, விளக்கைப் பிடித்து முகத்தைப் பார்த்தாராம். பெரிதாகக் காசு வாங்காமல் செய்துவிட்டாராம். முதலில் குளிர்ந்த மருந்தை விசிறி முகத்தை மரக்கப்பண்ணுவார்கள். பிறகு விரலளவு சுழலும் தூரிகையால், திருவலையில் தேங்காய் திருவுவதுபோல, மேல்தோலைத் தேய்த்து எடுப்பார்கள். புதுத்தோல் வரும்போது குழியின் விளிம்பு மழுங்கிவிடும். இரண்டு கிழமை முகம் பொருக்கு வெடித்துக் கிடந்ததாம். ஆறு மாதத்துக்கு வெய்யில் படக்கூடாதாம். லியோன் கரண்டியால் கஞ்சி பருக்கினானாம்.

கரண்டியால் பருக்கினான் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தோல் போகட்டும்.

அடுத்த வருடம் படம் வந்தது. பென்சில் தடவாத படம், கலர்ப்படம். ஒரு பூங்காவில் கைக்குழந்தையோடு நிற்கிறாள். முகம் வழுவழு என்று இருந்தது. மாமி அதை வளவு முழுக்கக் கொண்டு திரிந்து காட்டினா. கடைசியாக என்னிடம் கொண்டுவந்து, "பார் பிள்ளை, உன்ரை மச்சாளை" என்றா. பார்த்தேன். ஒரே பாயில் கிடந்து வாங்கியதை இவள் மட்டும் எப்படித் துடைத்து எறியலாம்? அவளுக்கும் இருந்தவரைக்கும் எனக்குப் பாதிதான் பாரம். இப்போது முழுவதும் என் தலையில்.

பிறகு செய்த பைத்திய வேலையையும் சொல்கிறேன். எங்கள் வீட்டுப் பின்பக்கம் கணவாய் ஓடு எப்போதும் கிடக்கும். வெள்ளையாய், சொரசொரவென்று, இரும்பில் பிடித்த கறளைக்கூட உரஞ்சி எடுக்கும். கடல்நுரை என்று வைத்தியரும் மருந்துக்கு வாங்குவார். அவள் கடிதத்தில் எழுதிய முறை எனக்கு மனப்பாடம். குளிர், தேய்ப்பு, பொருக்கு. மீன் வாடியில் ஒரு கட்டி ஐஸ் வாங்கி வந்தேன். அம்மா பூசைக்குப் போன நேரம் கதவைச் சாத்திக்கொண்டு, மரக்கும்வரைக்கும் ஐஸை இடக் கன்னத்தில் பிடித்தேன். பிறகு கணவாய் ஓட்டால் தேய்த்தேன். முதலில் நோகவே இல்லை. அதுதான் கெட்டுப்போனது. இரத்தம் கழுத்தில் வடிந்தபிறகுதான் நிறுத்தினேன்.

கன்னம் சீழ் பிடித்தது. மீன் ஐஸ்தானே. ஒரு மாதம் மருந்து கட்டினேன். புண் மாறியபோது அந்தக் கன்னத்துக் குழிகள் நாலும் இருந்த இடத்தில் அப்படியே இருந்தன. அவற்றைச் சுற்றி, நாவற்பழம் தின்ற வாய்போல, ஒரு கறுத்த படை புதிதாக வந்திருந்தது.

"என்ன பிள்ளை நடந்தது?" என்று மாமி கேட்டா.

"வழுக்கி விழுந்திட்டன்."

"கவனமாத் திரியவேணும். உனக்கும் ஒரு நல்லது நடக்கவேணுமெல்லே" என்றா.

அந்தக் கறுப்பு மாறுமுன்னமே அவளுடைய காசு வந்தது. கூடவே ஒரு கடிதம்: "சிசிலி, எனக்கு முகம் தேய்க்க முன்னம் செபஸ்தியாருக்கு நேர்ந்தனான். தை மாதத் திருநாளுக்கு என்ரை பேரிலை புதுசா ஒரு வெள்ளி முகம் செய்விச்சு வை. அம்மாவுக்கு ஏலாது. உன்னைவிட எனக்கு ஆர் இருக்கினம்?"

எப்படி இருக்கிறது பாருங்கள். முகம் அவளுக்கு, அதற்கு நன்றி சொல்ல நடை எனக்கு.

கஸ்தூரியார் வீதியில் நகை செய்யும் ஏரம்புப் பத்தரிடம் போனேன். அவர் அச்சில் வைத்துத் தட்டிய முகம் ஒன்றைக் காட்டினார். மூடிய கண்ணும் வழுவழுத்த கன்னமுமாக இருந்தது. அதைக் கையில் வாங்கியதும் பூங்காவில் நின்றவளின் முகம்தான் ஞாபகம் வந்தது. அந்த நிமிடத்தில்தான் எனக்கு அந்த எண்ணம் தோன்றியது. எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. ஒருவர் பேரில் கோயிலுக்கு எதைக் கொடுக்கிறாயோ அது அவரிடம் போய்ச் சேரும்.

"பத்தர், உதிலை தழும்பு போடவேணும்" என்றேன்.

"தழும்போ? முகத்திலையோ?"

"ஓம். கொப்பளிப்பான் தழும்பு."

"நான் உப்பிடி ஒருநாளும் செய்தது இல்லைப் பிள்ளை. உங்கடை சாமி ஏற்குமோ?"

"அவரின்ரை உடம்பு முழுக்க அம்பு குத்தின காயம். அவர் ஏன் கோவிக்கப்போறார்?"

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உளியை எடுத்தார். "எங்கையெங்கை போட?"

"என்ரை முகத்தைப் பார்த்துப் போடுங்கோ."

அவர் என்னை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி இருத்தினார். ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துத் தட்டினார். நாடியில் ஒன்று, வலக் கன்னத்தில் மூன்று, இடக் கன்னத்தில் நாலு, நெற்றியில் மூன்று, கடைசியாக மூக்கடியில் இரண்டு. ஒவ்வொரு தட்டுக்கும் நான் மனதுக்குள், 'இது அவளுக்கு' என்றேன். என்னுடைய பதின்மூன்றும் அவளுக்குப் போகட்டும். அதுவரையில் என்னை நிமிர்ந்து, இவ்வளவு நேரம், முகம் சுளிக்காமல் பார்த்த ஆம்பிளை அந்தக் கிழவர் ஒருவர்தான்.

தொண்ணூறாம் ஆண்டுத் திருநாளில் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கோயிலைப் பராமரிக்கும் சிமியோன் மூப்பர் பூசை முடிவில், "பிரான்சிலை இருக்கிற யசிந்தாவின்ரை காணிக்கை" என்று அறிவித்தார். பிறகு ஒவ்வொரு கடிதமாகத் தேடினேன். முகத்தில் ஏதும் வந்துவிட்டது என்று எழுதுவாள் என்று காத்திருந்தேன். பனி என்று எழுதினாள், பிள்ளைக்குப் பல் முளைக்கிறது என்று எழுதினாள். முகத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. என் கண்ணாடியில் பதின்மூன்றும் பத்திரமாக இருந்தன. அந்த ஆனியில் திரும்பவும் சண்டை தொடங்கியது. கடலுக்குப் போவது நின்றது. கடிதமும் எப்போதாவதுதான் வந்தது.

நான் நினையாதது ஒன்று தட்டத்தில் நடந்தது. பாசையூரிலிருந்து ஒரு தாய், கொப்பளிப்பான் மாறிய மகளைக் கூட்டிக்கொண்டு வந்தா. தட்டத்தைக் கிளறினா. வழுவழுத்த முகங்களை ஒதுக்கிவிட்டுப் புள்ளி போட்டதை எடுத்தா.

"இதுதான் எங்கடை பிள்ளையின்ரை முகம். மற்றதெல்லாம் ஆரின்ரையோ முகம்" என்றா.

அந்தப் பிள்ளைக்குத் தழும்பு மங்கிப் போய்விட்டதாம். சின்னப் பிள்ளைகளுக்கு மங்கும்தானே. ஆனால் கதை பரவிவிட்டது. நாவாந்துறையிலிருந்து வந்தார்கள், மாதகலிலிருந்து வந்தார்கள். ஷெல்லில் முகம் கிழிந்த ஒருத்தியும் வந்தாள். வந்தவர்கள் மூப்பரிடம் கேட்டதெல்லாம், "யசிந்தா முகம் எங்கை?" என்றுதான். அப்படியே பேர் வைத்துவிட்டார்கள். அவர்கள் தலையைச் சுற்றி, உதட்டில் வைத்து முத்தி செய்து, கண்ணில் ஒற்றிக்கொண்டது என் முகத்தை. பேர் அவளுக்கு. அது என்னுடையது என்று சொல்லவேண்டுமென்றால், அதை ஏன் செய்தேன் என்றும் சொல்லவேண்டும். ஐந்து வருடம் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். தன் கண்ணைத் தானே குத்திக்கொள்வது என்றால் அதுதான்.

தொண்ணூற்றைந்து தையில் சண்டை ஓய்ந்து பேச்சுவார்த்தை தொடங்கியது. மாமிக்குச் சுகமில்லை என்று கொழும்புவரை வந்து காத்திருந்த யசிந்தா, பாதை கொஞ்சம் இளகியதும் வள்ளத்திலும் லொறியிலுமாக வந்து சேர்ந்தாள். திருநாளுக்கு இரண்டு நாள் முன்னம்.

படலையில் நின்றவளை நான் முதலில் பார்த்தது முகத்தைத்தான். வழுவழுப்பு உண்மைதான். ஆனால் நாடியோரமாகக் காதுவரைக்கும் ஒரு வெளுத்த கோடு ஓடியது. தேய்த்த தோல் ஒரு நிறம், தேய்க்காத கழுத்து ஒரு நிறம். அதன்மேல் பவுடர் போட்டிருந்தாள், வேர்வையில் அது திட்டுத்திட்டாகக் கலைந்திருந்தது. எனக்குச் சந்தோசமாக இருந்தது. பொய் சொல்லப்போவதில்லை.

திருநாளன்று அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். மூப்பர் எழும்பி நின்று வரவேற்றார். சனம் சுற்றி வந்து அவள் கையைப் பிடித்தது. மூப்பர் தட்டத்திலிருந்து வெள்ளி முகத்தை எடுத்து அவளிடம் கொடுத்தார். ஐந்து வருடக் கைபட்டு மூக்குப் பக்கம் பளபளத்துப்போயிருந்தது.

யசிந்தா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கண்ணீர் பவுடரில் கோடு போட்டது.

"சிசிலி, என்ரை முகத்தை நீ மறக்கேல்லை" என்றாள். "அப்பிடியே செய்விச்சிருக்கிறாய். எனக்கே மறந்துபோச்சு. அந்த ஸ்ரூடியோப் படத்திலை ஒண்டும் இல்லை. என்ரை மகள் கேட்கிறாள், அம்மாவுக்கு முந்தி எப்பிடி முகம் எண்டு. காட்ட ஒரு துண்டுப் படம் இல்லை. லியோன் ரெண்டு வருசம் பார்த்த முகம், அவருக்கும் ஞாபகம் இல்லையாம்." மூப்பர் பக்கம் திரும்பினாள். "மூப்பர், நான் இதைவிட ரெண்டு முகம் புதுசாச் செய்விச்சுத் தாறன். இதை நான் கொண்டுபோகட்டோ?"

மூப்பர் தலையை ஆட்டினார். "உங்கடைதானே பிள்ளை. கொண்டுபோங்கோ."

அவள் அதைச் சேலைத் தலைப்பில் சுற்றத் தொடங்கினாள். லியோனை எடுத்தாள், தோலை மாற்றினாள், ஊரில் பேரும் எடுத்தாள். இப்போது என் முகத்தையும் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோகப் போகிறாள். என் கை தானாக நீண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"அது உன்ரை இல்லை" என்றேன். "அது என்ரை முகம்."

எல்லாரும் திரும்பினார்கள். நான் நிறுத்தவில்லை. பத்தரிடம் சொன்னதையும், ஒவ்வொரு தட்டுக்கும் என்ன நேர்ந்தேன் என்பதையும், அவளுக்குத் திரும்பி வரவேண்டும் என்று ஐந்து வருடம் கடிதம் பார்த்ததையும் சொன்னேன். மூப்பர் சிலுவை போட்டுக்கொண்டார். யசிந்தா தலைப்பை அவிழ்த்து வெள்ளி முகத்தை இடக்கையில் பிடித்தாள். வலக்கை விரலால் என் முகத்தைத் தொட்டாள். கிணற்றடியில் தொட்டதுபோலத்தான் தொட்டாள். நாடி, கன்னம், நெற்றி, வெள்ளியில் ஒன்று, என்னில் ஒன்று. மூக்கடிக்கு வந்ததும் விரல் நின்றது.

"ஓம்" என்றாள். "இந்த ரெண்டும் நான் அவிழ்த்துவிட்டது. உன்ரைதான்."

முகத்தைத் திரும்பத் தட்டத்தில் வைத்தாள். ஏசுவாள் என்று பார்த்தேன், ஏசவில்லை. என்னை மெல்ல மதிலோரம் கூட்டிப்போய், மற்றவர்களுக்குக் கேளாமல் கேட்டாள்.

"அப்ப என்ரை எப்பிடி இருந்தது? நீதானே எண்ணினனீ. சொல்லன், நான் எழுதிக்கொண்டு போறன்."

கைப்பையிலிருந்து பேனையும் எடுத்துவிட்டாள். உலகத்தில் அது தெரிந்தது எனக்கு ஒருத்திக்குத்தான். அவளிடம் இல்லாத ஒன்று முதன்முதலாக என்னிடம் இருந்தது. எந்த இடம், என்ன ஆழம், விரல் வைத்தால் எப்படி இருக்கும், எல்லாம் என் கண்முன்னே நின்றன.

"மறந்துபோச்சு" என்றேன்.

அவள் பேனையை மூடினாள். பத்து நாளில் போய்விட்டாள். அந்த ஐப்பசியில் நாங்கள் எல்லாரும் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது தட்டத்தை மூப்பர் எங்கே வைத்தார் என்று எனக்குத் தெரியாது. முகம் போய்விட்டது. கடிதம் மட்டும் வருகிறது. ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரே கேள்வி: ஞாபகம் வந்ததோ, சிசிலி?

மறக்கவே இல்லை, யசி. இடக் கன்னத்தில் நாலு, அதில் இரண்டு ஒட்டினாற்போல. வலக் கன்னத்தில் மூன்று. இடப் புருவத்துக்கு மேலே இரண்டு. நாடியில் ஒன்று. மூக்கு நுனியில் ஒன்று, சிரிக்கும்போது அது கொஞ்சம் விரியும், றோஸ் அக்கா படத்தில் பார்த்த சிரிப்பில் அது இல்லை, இருந்திருந்தால் இன்னும் வடிவாக இருந்திருக்கும். எல்லாமாகப் பதினொன்று. என்னைவிட இரண்டு குறைவு.